தீர்ப்பிடுமுன் சோதியுங்கள்



பங்கு இல்லத்தின் கதவைத் தட்டுகிறவர்களுள் பாதிப்பேர் ஏதேனும் ஒரு சான்றிதழை நாடி வருகிறவர்களே என்பதை நீங்கள் அறிவீர்கள். மகளுக்குத் திருமணம் நிச்சயமாகிவிட்டது, திருமுழுக்குச் சான்று வேண்டும் என்பார் ஒருவர். பாட்டனார் இறந்த ஆண்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பார் மற்றொருவர். உடனே அலமாரியைத் திறந்து, தடித்த பதிவேடுகளை இறக்கி, ஏடுகளைப் புரட்டத் தொடங்குகிறோம். ஓரங்கள் உதிர்கின்றன, மை மங்கி வருகிறது, புரட்டும்போதெல்லாம் ஏதோ ஒரு குடும்பத்தின் வரலாறு நம் விரல்களில் தூளாக ஒட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு பங்கிலும் திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றுக்குப் பதிவேடுகள் இருக்க வேண்டும் என்றும், பழைய ஏடுகளைக் கவனத்துடன் காக்க வேண்டும் என்றும் 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு தன் 535-ஆம் சட்டத்தில் பணிக்கிறது. ஏடுகளை ஒருமுறை படமெடுத்து, பெயர்களை அகர வரிசையில் கணிப்பொறியில் ஏற்றிவிட்டால், மூல ஏட்டை அடிக்கடி தொட வேண்டியதில்லை அன்றோ? இந்த எண்ணமே கீழ்க்காணும் நிகழ்ச்சிக்கு வித்தாயிற்று.

அலுவலகத்தில் இருந்த பழைய கணிப்பொறி இந்தப் பணிக்கு உதவவில்லை. கணிப்பொறியின் உறுப்புகளையெல்லாம் ஆண்டு நடத்தும் அடிப்படை மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். நம்மிடம் இருந்தது விண்டோஸ் 10. அதற்கு வழங்கப்பட்டுவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. விண்டோஸ் 11-ஐ ஏற்றலாம் என்றாலோ, அது டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பையும், அண்மைத் தலைமுறைச் செயலியையும் கேட்கிறது. இரண்டும் பழைய பெட்டியில் இல்லை.

பங்குப் பேரவை கூடியது. நல்லுள்ளம் படைத்தோர் வழங்கிய நன்கொடை 40,000 ரூபாய் ஆயிற்று. நம் கோவிலில் நாள்தோறும் மாலை மணி அடிக்கும் பொறுப்பை ஓர் இளைஞன் விரும்பி ஏற்றிருக்கிறான். தந்தையை இழந்தவன், தாய் தையல் வேலை செய்து அவனைப் பாலிடெக்னிக்கில் படிக்க வைக்கிறாள். அவன் எழுந்து, “சாமி, உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி நாமே பூட்டினால் செலவு குறையும். பின்னால் ஒன்று பழுதானாலும் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்” என்றான். பேரவை இசைந்தது. அவன் சென்னைக்குச் சென்று, ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, பொருள்களை வாங்கி வந்தான். ரசீதுகளோடு மீதம் 2,300 ரூபாயையும் நம் மேசைமேல் வைத்தான்.

அன்று மாலை பங்கு இல்லத்துக் கூடத்தில் கணிப்பொறி உருவாயிற்று. மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகை. அதன் நடுவே செயலி. செயலியின் சூட்டைத் தணிக்க அதன்மேல் அமரும் கூலர். ரேம் என வழங்கும் நினைவகத் துண்டுகள் இரண்டு, ஒவ்வொன்றும் 8 ஜி.பி.; கோப்புகளைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. ஒன்று. நாம் குருமடத்தில் பயின்ற காலத்தில் தட்டச்சு இயந்திரமே வியப்பாக இருந்தது. ஆகவே சிறு பிள்ளையைப் போல் அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். இடையில் திரிகால மணி அடிக்கும் நேரமாயிற்று. இளைஞன் எழுந்து கோவிலுக்கு ஓடினான். அவன் திரும்புமுன் நாமும் திருப்புளியை எடுத்து நம் பங்குக்கு ஒரு கை கொடுத்தோம்.

மின்சாரம் பாய்ந்ததும் விசிறி சுழன்றது, திரை ஒளிர்ந்தது, கூடியிருந்தோர் கைதட்டினர். ஆனால் விண்டோஸ் 11-ஐ நிறுவத் தொடங்கியதும் வந்தது வினை. கோப்புகள் நகலாகும் அளவு நூற்றுக்கு 37 வரை ஏறி, அப்படியே நின்றுவிட்டது. அணைத்து மீண்டும் தொடங்கினோம்; 62-இல் நின்றது. மூன்றாம் முறை தொடக்கச் சின்னத்தோடு சரி. மறுநாளும் அதுவே, அதற்கு மறுநாளும் அதுவே.

பேரவையின் மூத்த உறுப்பினர் ஒருவர், நல்லவர்தாம், நம்மிடம் வந்து குரலைத் தாழ்த்தினார். “சாமி, புதுப் பொருள் இப்படி நிற்குமா? பையன் பழைய ரேமை மலிவாக வாங்கி வந்திருப்பான். ரசீது எழுதி வாங்குவது பெரிய காரியமா? மீதி எங்கே போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.”

அன்பர்களே, இவ்விடத்தில் உங்களிடம் ஓர் உண்மையை மறைக்க விரும்பவில்லை. நாம் அவரை மறுக்கவில்லை. “பார்ப்போம்” என்று மட்டும் சொன்னோம். இரண்டே நாள்களில் அந்தப் பேச்சு கோவில் வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போயிற்று. தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்திருந்த தாயின் செவிக்கும் எட்டிற்று. அடுத்த ஞாயிறன்று இளைஞன் பூசைக்கு வரவில்லை. மாலை மணியை வேறு ஒரு சிறுவன் தப்பும் தவறுமாக அடித்தான்.

நிலைமை இவ்வாறிருக்க, கன்னியர் மடத்துப் பள்ளியில் கணிப்பொறி கற்பிக்கும் அருட்சகோதரி ஒருவரை உதவிக்கு அழைத்தோம். அவர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி: “இதைப் பூட்டிய தம்பி எங்கே, சாமி?” வருத்தத்தில் இருக்கிறான் என்றோம். “பூட்டியவர் இல்லாமல் பிரிக்கக் கூடாது” என்று சொல்லி, தாமே அவன் வீட்டுக்குச் சென்று அழைத்து வந்தார். பிறகு பள்ளிப் பிள்ளைகளின் நோட்டு ஒன்றைத் திறந்து, நடுவே ஒரு கோடிட்டார். இடப்பக்கம் ‘மாற்றியது’, வலப்பக்கம் ‘கண்டது’. “ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால், சரியானாலும் காரணம் தெரியாது, சரியாகாவிட்டாலும் காரணம் தெரியாது” என்றார்.

உங்கள் இல்லங்களிலும் பிள்ளைகள் இப்படி ஒரு பொறியைப் பூட்டித் திகைத்து நிற்கக்கூடும். எனவே அவர் செய்ததை வரிசையாகவே சொல்லுகிறோம்.

முதலாவதாக, பொறி உண்மையிலேயே நின்றுவிட்டதா, அல்லது மெதுவாக வேலை செய்கிறதா என்று பார்த்தார். விசைப்பலகையில் ‘நம் லாக்’ விசையை அழுத்தினால் சிறு விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரிகிறதென்றால் அரைமணி நேரம் பொறுத்திருப்பதே அறிவுடைமை. நம்முடையதில் விளக்கு அசையவில்லை; நின்றது நின்றதுதான்.

இரண்டாவதாக, நிறுவும் கோப்புகள் அடங்கிய பென் டிரைவ். அதில் ஒரு கோப்பு பழுதுபட்டிருந்தாலும் நிறுவுதல் நடுவழியில் நிற்கும். 8 ஜி.பி.க்குக் குறையாத வேறொரு பென் டிரைவில், வேறொரு கணிப்பொறியைக் கொண்டு, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் சொந்தக் கருவியாலேயே புதிதாகத் தயாரித்து, பெட்டியின் பின்புறத் துளையில் செருகினார். மீண்டும் நின்றது. நோட்டில் எழுதினார்.

மூன்றாவதாக, இன்றியமையாதவை தவிர மற்றவற்றை எல்லாம் கழற்றினார். அச்சுப்பொறி, ஒலிபெருக்கி, பழைய படங்கள் அடங்கிய இரண்டாவது ஹார்டு டிஸ்க் ஆகிய யாவும் விலகின. மின்வழங்கியிலிருந்து தாய்ப்பலகைக்கு வரும் 24 முனை இணைப்பும், செயலிக்கு வரும் 8 முனை இணைப்பும் நன்றாக அமர்ந்திருக்கின்றனவா என்று அழுத்திப் பார்த்தார். மாற்றமில்லை. எழுதினார்.

நான்காவதாக, பயாஸ் எனப்படும் அடிப்படை அமைப்புப் பக்கத்துக்குள் நுழைந்தார். கூலரின் அடியில் ஒட்டிவரும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்தால் செயலி சூடேறித் தவிக்கும். நம்முடையதில் வெப்பம் 40 பாகைக்கு அருகிலேயே இருந்தது. ஆகவே சூடு காரணமன்று. நினைவகத்தைப் பொது அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் ஓடச் செய்யும் எக்ஸ்.எம்.பி. என்னும் ஏற்பாட்டை நிறுத்தினார். பிறகு பயாஸைப் புதிய பதிப்புக்கு மாற்றினார். இது சிறு காரியம் அன்று. 2024-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம், தன் 13, 14-ஆம் தலைமுறைச் செயலிகள் சிலவற்றில் மின்னழுத்தம் தேவைக்கு மிஞ்சி ஏறுவதால் பொறிகள் தடுமாறுகின்றன என்று ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியாகவே திருத்தம் வழங்கி, உத்தரவாதக் காலத்தையும் 2 ஆண்டுகள் நீட்டித்தது. ஆனால் நம் பொறியில் இவை எதனாலும் பயன் விளையவில்லை.

ஐந்தாவதாக, எஸ்.எஸ்.டி.யில் எதையும் எழுதாமல் பென் டிரைவிலிருந்தே நேராக ஓடக்கூடிய லினக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கினார். அதுவும் சற்று நேரத்தில் உறைந்து நின்றது. “நல்லது. இப்போது விண்டோஸ் குற்றமற்றது என்று தெரிகிறது” என்றார் சகோதரி. குற்றவாளியைக் கண்டுபிடிக்குமுன் குற்றமற்றவரை விடுவிப்பதில் அவர் கொண்ட மகிழ்ச்சி நம்மைச் சிந்திக்க வைத்தது.

ஆறாவதாக, மெம்டெஸ்ட் 86 பிளஸ் என்னும் இலவசச் சோதனை மென்பொருள். இதற்கு இயங்குதளமே தேவையில்லை. பென் டிரைவிலிருந்து தானே தொடங்கி, நினைவகத்தின் ஒவ்வொரு மூலையிலும் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடுகிறது. ஒரு பிழைகூட வரக் கூடாது என்பது விதி. நம் திரையிலோ சற்று நேரத்தில் பிழைகள் சிவந்த வரிகளாகப் பெருகின.

மூத்த உறுப்பினர் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். “ரேம் என்று நான் அன்றே சொன்னேன் அல்லவா?” என்றார். இளைஞனின் முகம் வெளிறிற்று.

சகோதரி திரும்பிப் பாராமலே மறுமொழி கூறினார்: “குற்றம் நடந்திருக்கிறது என்றுதான் இதனால் தெரிகிறது, ஐயா. குற்றவாளி யார் என்று இன்னும் தெரியவில்லை.”

இச்சொல்லைக் கேட்டதும் தானியேல் நூலின் 13-ஆம் அதிகாரம் நம் நினைவுக்கு வந்தது. மாசற்ற சூசன்னாள்மேல் முதியோர் இருவர் பழி சுமத்தினர். ஊரார் நம்பினர், கொலைத் தீர்ப்பும் ஆயிற்று. இளைஞனாகிய தானியேல் என்ன செய்தார்? இருவரையும் ஒருவரிடமிருந்து ஒருவர் பிரித்து நிறுத்தி, தனித்தனியே ஒரே கேள்வியைக் கேட்டார். எந்த மரத்தின் கீழ்க் கண்டீர் என்பதே அக்கேள்வி. ஒருவர் ஒரு மரத்தைச் சொன்னார். மற்றவர் வேறு மரத்தைச் சொன்னார். பொய் வெளியாயிற்று. சேர்ந்து நிற்கையில் விளங்காத உண்மை, பிரித்துக் கேட்கையில் விளங்கிற்று.

சகோதரியும் அவ்வாறே செய்தார். நம் தாய்ப்பலகையில் நினைவகத் துண்டைச் செருக இரண்டு பள்ளங்கள் உண்டு. முதல் துண்டை மட்டும் முதல் பள்ளத்தில் வைத்துச் சோதித்தார்: பிழை இல்லை. அதை எடுத்துவிட்டு இரண்டாம் துண்டை அதே பள்ளத்தில் வைத்தார்: பிழை இல்லை. பிறகு முதல் துண்டை இரண்டாம் பள்ளத்தில் வைத்தார்: சிவந்த வரிகள். இரண்டாம் துண்டை அங்கே வைத்தார்: மீண்டும் சிவந்த வரிகள். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. இரவு வெகு நேரம் கடந்தும் யாரும் எழுந்து போகவில்லை.

நான்கு வரிகளையும் மூத்த உறுப்பினரே நோட்டிலிருந்து உரக்கப் படித்தார். படித்து முடித்ததும் அவர் குரல் மாறிற்று. “அப்படியானால் ரேம் இரண்டும் நல்லவை” என்றார். ஆம்; இளைஞன் வாங்கி வந்த பொருள் குற்றமற்றது.

அப்படியானால் இரண்டாம் பள்ளத்துக்கு என்ன நேர்ந்தது? சகோதரி விளக்கினார். நினைவகத்தோடு பேசும் பகுதி இக்காலச் செயலிகளில் செயலிக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. எல்.ஜி.ஏ. 1700 என்னும் வகையில் செயலியானது 1,700 நுண்ணிய ஊசிமுனைகளின்மேல் அமர்கிறது. அவற்றின் வழியாகவே பள்ளங்களுக்குச் செய்தி போகிறது. ஒரு முனை வளைந்திருந்தாலும், மேலே அமரும் கூலர் ஒரு பக்கம் மட்டும் மிகையாக இறுகிச் செயலியைச் சாய்த்து அழுத்தினாலும், சில முனைகளில் தொடர்பு தளரக்கூடும். அப்போது ஒரு பள்ளம் மட்டும் உளறும். ஆகவே கூலரின் நான்கு திருகாணிகளையும் எதிரெதிர் மூலையாகச் சிறிது சிறிதாக, சம அளவில் முடுக்க வேண்டும்.

திருப்புளியால் தொட்டுப் பார்த்தார். ஒரு பக்கத்து இரண்டு திருகாணிகள் கல்லாக இறுகியிருந்தன. மறுபக்கத்து இரண்டும் தளர்ந்திருந்தன.

“கூலரைப் பூட்டியது யார்?”

“நான்தான், சிஸ்டர்” என்றான் இளைஞன். வேறொன்றும் சொல்லவில்லை. நம் பக்கமும் பார்க்கவில்லை.

அன்பர்களே, அந்தக் கணத்தில் நம் செவியில் மாலை மணியோசை கேட்டது போலிருந்தது. திருகாணிகளை அளவாக முடுக்கி, கடைசிச் சுற்றை மீதம் வைத்துவிட்டு அவன் மணியடிக்க ஓடினான். அவன் இல்லாத அந்த ஐந்து நிமிடத்தில் திருப்புளியை எடுத்து, நமக்கு எட்டிய பக்கத்து இரண்டு திருகாணிகளையும், நன்றாக இறுகட்டும் என்று பலங்கொண்ட மட்டும் முடுக்கிய கை நம்முடையது. மறுபக்கத்தை நாம் தொடவேயில்லை. திரும்பி வந்த அவனிடம், “எல்லாம் முடித்துவிட்டோம்” என்று பெருமையாகச் சொன்னதும் நாமே. அவன் அதை மறக்கவில்லை. மறந்தவன்போல் நின்று, தன் சாமியின் பெயரைக் காத்தான். அவன் பெயரைக் காக்க வேண்டிய நாமோ, “பார்ப்போம்” என்ற ஒரு சொல்லோடு ஒதுங்கியிருந்தோம்!

“தம்பி அல்ல, சிஸ்டர், நாம்தான்” என்றோம். கூடத்தில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

பிறகு கூலரைக் கழற்றி, விளக்கொளியில் ஊசிமுனைகளைப் பார்த்தார்கள். நல்லவேளையாக ஒன்றும் வளையவில்லை. பழைய பசையைத் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதிய பசை வைத்து, நான்கு திருகாணிகளையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முடுக்கினான் இளைஞன். இம்முறை நாம் கையைக் கட்டிக்கொண்டோம். இரு துண்டுகளையும் பொருத்தி, விடியும்வரை சோதனை ஓடிற்று; ஒரு பிழையும் இல்லை. காலைப் பூசை முடிந்து வந்து விண்டோஸைத் தொடங்கினோம். எண்கள் 37-ஐத் தாண்டின, 62-ஐத் தாண்டின, நூறை எட்டின.

கணிப்பொறி சீராயிற்று. ஆனால் தெருவுக்குப் போன பேச்சு? 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், எட்டாம் கட்டளையை விளக்குமிடத்தில், போதிய ஆதாரமின்றி அயலானிடம் குற்றமுண்டு என்று உள்ளத்தில் ஏற்றுக்கொள்வதே, வாயால் சொல்லாவிடினும், அவசரத் தீர்ப்பு என்னும் குற்றமாகும் எனப் போதிக்கிறது (எண் 2477). பிறருடைய நற்பெயருக்குச் செய்த தீங்குக்கு மன்னிப்புப் பெற்றால் மட்டும் போதாது, ஈடும் செய்ய வேண்டும் என்றும் அதே நூல் கூறுகிறது (எண் 2487). ஒப்புரவுத் தொட்டியில் அமர்ந்து எத்தனையோ பேருக்கு நாம் சொன்ன அறிவுரை இது, நமக்குப் பொருந்தாதா? அடுத்த ஞாயிறு பூசையில், அறிவிப்புகளுக்கு முன்பாக, நடந்ததை நடந்தவாறே மக்களிடம் சொன்னோம். தாயின் வீட்டுக்கும் சென்றோம். அவள் அழுதாள்; பிறகு நமக்குக் காப்பி கொடுத்தாள்.

மூத்த உறுப்பினர் மேடையேறிப் பேசவில்லை. அது அவர் இயல்பன்று. ஆனால் மிகப் பழைய திருமுழுக்கு ஏட்டின் முதல் பக்கத்தை இளைஞன் படமெடுத்தபோது, உதிரும் ஓரத்தை இரு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றவர் அவரே. இப்போது வாரத்தில் மூன்று மாலை இருவரும் சேர்ந்தே அப்பணியைச் செய்கின்றனர்.

குடும்பத்தாரே, உங்கள் வீடுகளிலும் பொருள் காணாமற் போவதுண்டு, கணக்கு இடிப்பதுண்டு, பிள்ளையின் மதிப்பெண் குறைவதுண்டு, மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே பேச்சு நின்றுபோவதுண்டு. அப்போதெல்லாம் வேலைக்கு வருபவள், ஏழை உறவினன், வயதில் இளையவன் என்று எதிர்த்துப் பேச இயலாதவர் மேலேயே நம் விரல் முதலில் நீளுகிறது. நீளுமுன் அந்த நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். கண்டதை மட்டும் எழுதுங்கள். குற்றமற்றவரை முதலில் விடுவியுங்கள். இறுதியில் எஞ்சி நிற்பது உங்கள் கையாகவே இருந்தால், அதை மறைக்காமல் உயர்த்திக் காட்டுங்கள்.

நம் கோவிலில் மாலை மணி இப்போது பழையபடி நேரம் தவறாமல் ஒலிக்கிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் நமக்காகவும் ஒரு மங்கள வார்த்தை செபம் சொல்லுங்கள்.

ஆண்டவரில் என்றும் உங்கள்,
பங்குத் தந்தை